மிலிட்டரி ஜீப்பின் பின்பாதி

ஆகஸ்ட் 4, திங்கள்

இது டைரி இல்லை. வண்டியின் நோட்டு. மதுரை சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் அடுத்தவன் வண்டிக்கு ஜாப் கார்டு எழுதினேன். இனி என் வண்டிக்கு எழுதப்போகிறேன்.

1986 மாடல் ஜீப். ராணுவத்தில் ஓடி, ஏலத்தில் கழிந்து, தெய்வேந்திரன் மச்சான் கைக்கு வந்தது. மச்சான் என் ஜோதி அக்காவின் வீட்டுக்காரர். போடியில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறார். இந்த மலையில் ஓடுகிற ஜீப்பில் பாதி அவர் கை பட்டது.

டிப்ளமா ஆட்டோமொபைல் படித்தவன், சொந்தக்காரர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டேன். கம்ப்ரஷன் பார்த்தேன். கியர் பாக்ஸைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தேன். சேஸ் நம்பர் மேல் தாளை வைத்து நானே பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தும் பொருந்துகிறது. அடியில் வண்டியைத் தாங்குகிற சேஸ் சட்டம் முழுக்க மச்சான் புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்திருக்கிறார்.

“போதும்டா மாப்ள. பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டான்” என்றார்.

அக்கா கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முதல் டிரிப். காலை ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டிலிருந்து மலை மேலே இருக்கிற மெட்டுக்கு, அங்கிருந்து எஸ்டேட் தடத்தில் ஏழு கிலோமீட்டர். ஏலக்காய் எடுப்புக்குப் போகிற பெண்கள் பன்னிரண்டு பேர். பதினாறு பேரை அடைக்கிறவர்கள் உண்டு. நான் பன்னிரண்டுதான்.

இவர்களைக் கூட்டி வருவது பேச்சியக்கா. ஐம்பது வயது இருக்கும். வாய்க்கு வயதே கிடையாது.

“இது எந்தச் சண்டைக்குப் போன வண்டி தம்பி?”

“தெரியலக்கா. மிலிட்டரி வண்டின்னு மட்டும் தெரியும்.”

“ஜெயிச்ச சண்டையா, தோத்த சண்டையான்னு கேட்டுச் சொல்லு. தோத்ததுன்னா நான் கனி வண்டில ஏறிக்கிறேன்.”

கனி அண்ணன் ஸ்டாண்டுக்கு மூத்தவர். முப்பது வருஷமாக இதே மலையில் ஜீப் ஓட்டுகிறார். “ஏறுக்கா, ஏறு. என் வண்டி சண்டைக்கே போகல, கல்யாணத்துக்குத்தான் போயிருக்கு” என்றார்.

எஸ்டேட்டுக்கு முன்னால் குதிரைப்பாறை ஏற்றம் வருகிறது. வெறும் பாறை, இருநூறு மீட்டர். முன்சக்கரம் ஒன்று மேலே போனால் பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் கிடக்கும். வண்டியை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குகிற இடம். ஃபோர் வீல் போட்டு ஏறினேன். திக்கவில்லை, திணறவில்லை. இறங்கி பானெட்டைத் தட்டிக் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிரீஸ் அடித்தேன். இன்ஜின் ஆயில் அரை லிட்டர் குறைவு, ஊற்றினேன்.

நேற்று மெட்டுக்கு மேலே ஒரு புது வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே டிவி மாதிரித் திரை, பொத்தானை அழுத்தினால் ஃபோர் வீல். அழுத்திக்கொண்டே இருக்கிறான், வண்டி புதைந்துகொண்டே இருக்கிறது. டயர் வழவழவென்று பரோட்டாக் கல் மாதிரி. பொத்தான் என்ன செய்யும்? என் வண்டியில் பொத்தான் கிடையாது. சேற்றில் இறங்கி, முன்சக்கரம் இரண்டிலும் நடுவே இருக்கிற ஹப்பைக் கையால் திருகிப் பூட்டிவிட்டு வந்து கியரைத் தள்ள வேண்டும். திருக மறந்தால் லீவர் விழும், முன்சக்கரம் இழுக்காது. முட்டாள் மாட்டிக்கொள்வான். அது நியாயம்தானே. கயிறு கட்டி இழுத்து விட்டேன். “இது எவ்ளோ பழைய வண்டி ப்ரோ?” என்றான். “உங்களை வெளியே இழுக்கிற அளவுக்குப் பழசு” என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பானெட்டில் பெயிண்ட் பொரிந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே நீலம். அதற்குக் கீழே ராணுவப் பச்சை. அதில் வெள்ளை எழுத்தில் அழிந்தும் அழியாமலும் ஒரு நம்பர். நாலு இலக்கம் படிக்க முடிகிறது.

மச்சானுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “நாந்தான் சொன்னேன்ல! எந்தப் பனியில நின்னுச்சோ, எத்தனை அதிகாரி உக்காந்தானோ!” என்று அவரும் சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். அந்த இடத்துக்கு மட்டும் கிளியர் கோட் அடித்துப் பாதுகாத்திருக்கிறேன். ஸ்டாண்டில் இப்போது என் வண்டிக்கு மிலிட்டரி என்றே பெயர்.

என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தவர் மச்சான்தான். அப்பா இறந்த வருஷம் அது. இதை நோட்டில் எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஓடை தாண்டி உலர்ந்த சிமெண்ட் தளத்தில் ஏறியதும் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஈரத்தடம் இரண்டு கோடு இருக்க வேண்டும். நாலு இருக்கிறது. பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் இரண்டு விரல் தள்ளி வருகிறது. வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கிறது.

பின் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்திருக்கும். பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சென்டர் போல்ட் நன்றாக இருக்கிறது. யூ போல்ட்டும் இறுக்கம். பிறகு ஏன் நண்டு நடை?

அடியில் படுத்திருக்கும்போது பார்த்தேன். பின்பக்க சேஸில் கல் பட்டுக் கறுப்பு பெயர்ந்திருக்கிறது. கீழே பச்சை இல்லை. மஞ்சள். முன்பக்கம் சுரண்டினால் பச்சை வருகிறது.

மச்சானிடம் கேட்டேன். “பின்னாடி சீட்டு கட்டும்போது பட்டறையில கெடந்த மஞ்சளை ஒரு கோட் ஓட்டிவிட்டேன் மாப்ள. துருப் பிடிக்கக்கூடாதுன்னு.”

சரி. மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 6, சனி

மழை. எடுப்பு உச்சத்தில் இருக்கிறது. பாறை ஏற்றத்தில் சீட்டுக்குப் பின்னால் டொக் என்று ஒரு சத்தம்.

“பேச்சியக்கா முட்டியா இருக்கும்” என்றாள் ஈஸ்வரி. கூட்டத்திலேயே சின்னவள்.

“என் முட்டி தனியாச் சத்தம் போடாதுடி. உன் வாய்தான் போடும்.”

பின் ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கும். மாற்றினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புது புஷ். அதே டொக்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஸ்க்ரூ டிரைவரும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். டிரைவர் சீட்டுக்கு ஒரு ஜாண் பின்னால், வலது பக்க சேஸில் கறுப்பைச் சுரண்டினேன். பட்டி வந்தது. பாடியில் நசுங்கலை மறைக்கிற பட்டியைச் சேஸில் எவனாவது பூசுவானா? அதையும் சுரண்டினேன். வெல்டிங் வந்தது. இடது பக்கமும் அதே இடத்தில். வெல்டுக்கு முன்னால் பச்சை, பின்னால் மஞ்சள்.

இது ஒரு வண்டி இல்லை. ராணுவ ஜீப்பின் முன்பாதி. வேறு எதன் பின்பாதியோ. குறுக்கே நேராக வெட்டி முட்ட வைத்து மச்சான் ஒட்டியிருக்கிறார். சாய்வாகக்கூட வெட்டவில்லை. வலுவுக்கு உள்ளே தகடு கிடையாது, வெளியே பட்டை கிடையாது. ஒட்டு கோணல், அதனால்தான் நண்டு நடை. வலது ஒட்டின் ஓரத்தில், கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி விரிசல். நுனியில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன். 22 மில்லிமீட்டர்.

நம்பர் முன்பாதியில் இருக்கிறது. நான் நம்பரைத் தேய்த்தேன், பொருந்தியது, எழுந்துவிட்டேன். சர்வீஸ் சென்டரில் பழைய வண்டி வாங்க வருகிறவன் ஒவ்வொருவனுக்கும் நான் சொன்னது: அடியில் புதுக் கறுப்பு இருந்தால் காசை எடுக்காதே, ஸ்க்ரூ டிரைவரை எடு. நாலு வருஷம் இதைச் சொன்ன வாய் இது.

பட்டறைக்குப் போனேன். மச்சான் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

“ஏலத்துல எடுக்கும்போது பின்பாதி துருப் பிடிச்சு அப்பளமா இருந்துச்சு மாப்ள. உருண்ட வண்டி ஒண்ணு முன்னாடி நசுங்கிக் கெடந்துச்சு. ரெண்டையும் சேத்தேன். மலையில ஒட்டுப் போடாத வண்டி எது, சொல்லு? ஒட்டுன எடம் புதுசைவிட பலம்டா.”

“ஒட்டு உடையாது மச்சான். ஒட்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்புதான் உடையும். உடையுது.”

“படிச்சவன்ல, நீ சொன்னா சரிதான்.” சிரித்தார். “அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டா. ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு அடிச்சுருவோம்.”

“எனக்கு ஏன் கொடுத்தீங்க?”

டீ கொண்டுவந்த அக்காதான் பதில் சொன்னாள்.

“வெளிய குடுத்தா எவனாவது பதினாறு பேரை ஏத்துவான்டா. நீ பாத்து ஓட்டுவ. உன் கையில இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன்.”

அவளுக்கும் தெரியும். எலுமிச்சம்பழம் கட்டும்போதே தெரியும்.

டீ குடிக்காமல் வந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

22 மி.மீ. பன்னிரண்டு பேர்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தார் ரோட்டில் முறுக்கு இல்லை, வெறும் பாரம்தான். தாங்கும். குதிரைப்பாறையில்தான் முறுக்கு. அங்கே மட்டும் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் வண்டியை ஏற்றினேன். கிளட்ச் சூடாகிறது என்றேன்.

எடுப்பு உச்சத்தில் வண்டியை நிறுத்தினால் ஆட்கள் வேறு ஜீப்புக்குப் போவார்கள். போனால் சீசன் முடிய வரமாட்டார்கள். ஒரு வாரம்தானே. ஞாயிற்றுக்கிழமை பட்டை அடித்துவிடலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

24 மி.மீ. மழை. பன்னிரண்டு பேர். பாறையில் இறக்கிவிட்டேன்.

மச்சான் போன் செய்தார். எடுக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

24. பதினோரு பேர். ஈஸ்வரிக்குக் காய்ச்சல்.

மச்சான் ஸ்டாண்டுக்கே வந்தார். எனக்குப் பிடித்த கடையில் முறுக்கு வாங்கி வந்திருந்தார். அதை டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கோயமுத்தூர்ல ஒருத்தன், ஞாயித்துக்கிழமையானா சேத்துல வண்டி விட்டு விளையாடுறவன். ஒரிஜினல் மிலிட்டரி வேணும்னு அலையுறான். பானெட்ல அந்த நம்பரைக் காட்டினாப் போதும், கண்ணை மூடிட்டு எடுப்பான். உனக்கு வேற நல்ல வண்டி நான் பாத்துத் தர்றேன்.”

“அவன் அடியில பாக்க மாட்டானா?”

“நீயே பாக்கலயேடா.”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

29 மி.மீ. பதினோரு பேர்.

செப்டம்பர் 19, வெள்ளி

34.

பாறைக்கு முன்னால் நிறுத்தி, இறங்கச் சொன்னேன். எல்லாரும் இறங்கினார்கள். ஏற்றத்துக்கு மேலே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தேன். மற்றவர்கள் ஏறி வந்தார்கள். பேச்சியக்கா மட்டும் பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு வாளியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போனேன்.

“என்னக்கா, முடியலையா?”

“அஞ்சு நாளா எங்களை எறக்கிவிட்டு நீ மட்டும் ஏறிப் போற. கிளட்ச்சுன்னு சொல்ற. கிளட்ச் சூடுன்னா நாத்தம் வரும். எத்தனை வருஷமா ஜீப்புல போறேன், எனக்குத் தெரியாதா? இந்த எறக்கிவிடுறது வண்டிக்காகவா, எங்களுக்காகவா?”

பொய் சொல்ல எனக்கு வராது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சு நாள் நன்றாகவே வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னேன். வண்டி ரெண்டு துண்டு, ஒட்டு, விரிசல், எல்லாம்.

மற்ற பெண்களும் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமையில இருந்து. ஆனா தார் ரோட்டுல ஒண்ணும் ஆகாதுக்கா. கணக்குப் போட்டுத்தான் ஓட்டினேன். பாறையிலதான் முறுக்கும், அதான் இங்க எறக்கினேன். என்னை ஏமாத்திட்டாங்கக்கா. என் சொந்த மச்சானே...”

“உன் மச்சான் உன்னை ஏமாத்தினது உன் வீட்டு வழக்கு. கீழே இருந்து மெட்டு வரைக்கும் பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் ஒரு பக்கம் கெடங்குப் பள்ளம். பன்னெண்டு பொம்பளைங்களை வெச்சுக் கணக்குப் போட்டியே, எங்கள்ல ஒருத்திகிட்டயாவது கேட்டியா?”

ஈஸ்வரி காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். அவள்தான் முதலில் என் வண்டியிலிருந்த தன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். எஸ்டேட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். எல்லாரும் நடந்தே போனார்கள். சாயங்காலம் கனி அண்ணனுக்குப் போன் செய்து அவர் வண்டியில் இறங்கியிருக்கிறார்கள்.

நான் வெறும் வண்டியோடு பதினேழு வளைவு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் முதுகுக்குப் பின்னால் காது வைத்திருந்தேன். தார் ரோட்டில் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டவன்தான்.

செப்டம்பர் 20, சனி

ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொன்னேன். தெய்வேந்திரன் பட்டறையில் வாங்கினவர்கள் அடியில் பாருங்கள் என்றேன்.

முதலில் சிரித்தார்கள். “மச்சானோட சண்டையா? அக்காகிட்ட சொல்லிச் சேத்து வைக்கவா?” என்றான் ஒருத்தன். நான் அவன் வண்டிக்கு அடியில் போய்ச் சுரண்டினேன். ஒன்றும் இல்லை. அடுத்த வண்டி. பட்டி வந்தது. சிரிப்பு நின்றது.

பிறகு ஸ்டாண்டின் ஏழு வண்டியில் ஆறுக்கு அடியில் ஆள். ஸ்டாண்டில் காலைத் தவிர எதுவும் தெரியவில்லை. என்னுடையதோடு சேர்த்து நாலு ஒட்டு. மூணு வண்டிக்காரர்களும் மண்ணைத் தட்டிவிட்டு நேரே பட்டறைக்குப் போனார்கள். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

கனி அண்ணன் மட்டும் தன் வண்டியைப் பார்க்க விடவில்லை. “என் சேஸுக்குக் கறுப்பு அடிச்சதும் உன் மச்சான்தான். தெரிஞ்சுட்டா ஓட்ட முடியாதுப்பா. ஓட்டாம என்ன செய்வேன்?” ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். பட்டறை ஷட்டரை உடைத்திருக்கிறார்கள். மச்சானுக்கு உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது.

“உன்னைப் படிக்க வெச்ச மனுஷன்டா. என்கிட்ட சொல்லியிருந்தா உன் வண்டியை மட்டும் சத்தமில்லாம சரி பண்ணியிருக்க மாட்டாரா? ஊரைக் கூட்டணுமா?”

“மத்த மூணு வண்டி?”

“அதுல உன் அக்காவா ஏறப்போறா?”

அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் கோயமுத்தூர்க்காரன் கூப்பிட்டான். மச்சான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். “ஒரிஜினல்தானே ப்ரோ? நாளைக்கே வர்றேன்” என்றான். விற்பனைக்கு இல்லை என்றேன். நாலு நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதப்போவதில்லை.

கிரைண்டர் வாடகைக்கு எடுத்து வந்தேன். பின்பாதிக்குக் கட்டை கொடுத்து, பாடி போல்ட்டைக் கழற்றி, ஒட்டின் மேலேயே அறுத்தேன். இடது பக்கம் இருபது நிமிடம். வலது பக்கம் ஆறே நிமிடம். இனி யாரும் இதை யாருக்கும் தள்ளிவிட முடியாது, நானும்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

வண்டி இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். ஓடக்கூடிய ஜீப் மூன்று. நிற்கிற பெண்கள் எழுபது பேருக்கு மேல். இன்றைய கூலி போச்சு என்று என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். குரலைத் தாழ்த்தவில்லை.

பேச்சியக்கா கனி அண்ணன் வண்டி முன்னால் நின்றார். “ஏறுறதுக்கு முன்னாடி இவன் பாக்கட்டும்” என்று என்னைக் காட்டினார்.

“வேணாம்க்கா” என்றார் கனி அண்ணன்.

“அப்ப ஏறல.”

கனி அண்ணன் ரொம்ப நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அடியில் போனேன். இரண்டு பக்கமும், முன்னிருந்து பின்வரை, ஜாண் ஜாணாகச் சுரண்டினேன். கறுப்பு, அதற்குக் கீழே நீலம், அதற்குக் கீழே இரும்பு. எங்கேயும் ஒரே வரிசை. பட்டி இல்லை. ஒட்டு இல்லை.

“நல்லா இருக்குக்கா. முழு சேஸ்.”

கனி அண்ணன் மட்கார்டில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டார். பேச்சியக்கா அவரைக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்துக்குப் போடுகிற சட்டையின் கையை மடக்கிவிட்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்து வந்தார்.

“எங்க பாக்கணும், காட்டு.”

காட்டினேன். சீட்டுக்குப் பின்னால் எந்த இடம், கீழ் விளிம்பு எது, பட்டி எப்படி இருக்கும், இரும்பு எப்படி இருக்கும். டார்ச்சை வாங்கி அவரே பார்த்தார். நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்தார். வெளியே போய் ஈஸ்வரியை அனுப்பினார். அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகப் பார்த்தபின் ஏறினார்கள்.

வண்டி கிளம்பும்போது கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நல்ல வண்டியாப் பாத்து வாங்குறேன்க்கா. முழு வண்டியா. அப்ப வருவீங்களா?”

பேச்சியக்கா சீட்டில் இடம் ஒதுக்கி உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

“வண்டியைப் பாத்துக்கலாம் தம்பி. அதான் இப்ப எங்களுக்கே தெரியுமே. உன்னை எங்க சுரண்டிப் பாக்குறது?”

கனி அண்ணன் கியர் போட்டார். அடுத்த ஜீப்புக்காரர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போய் அடியில் படுத்தேன்.